குடைச் சாட்சி

ஆலயத்தில் பிரசங்க மேடைக்கு ஏறும் மூன்று படிகளும் கருங்கல். மூன்றிலும் ‘அடியேன் காணிக்கை’ என்று எழுத்து வெட்டியிருக்கும். “எல்லாரும் என்னை மிதிச்சு ஏறணும். அதுக்குத்தான் படியில போட்டேன்” என்று கொடுத்தவர் அன்றே சொல்லிவிட்டார். போன வருடம் யாரோ நல்ல மனசோடு அந்தப் படிகளின் மேல் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். மிதிபட வேண்டியவர் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து ஒரு மூச்சு சண்டை போட்டு, கம்பளத்தைச் சுருட்ட வைத்த பிறகுதான் உட்கார்ந்தார்.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே அடிக்கடி மறந்துபோகும். பேச்சுக்குப் பேச்சு தன்னை ‘அடியேன்’ என்றே சொல்லிக்கொண்டதில் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அடியேன் வந்தாரா, அடியேன் சாப்பிட்டாரா என்றுதான் சபையே விசாரிக்கும். தொழில், குளியலறைச் சாமான் வியாபாரம். கடைவீதியில் இரண்டு மாடிக் கடை. வாசலில் வெள்ளைப் பீங்கான் டாய்லெட்டுகள் பல் விளக்கிக்கொண்டு வந்த மாதிரி வரிசையாக நிற்கும். மேலே பலகையில் ‘ஓர் எளிய ஊழியன்’ என்று ஆள் உயர எழுத்துகள், விளக்கோடு. பாதி ஊருக்கு டாய்லெட் விற்றவர் ஒன்றைக்கூடத் தன் கையால் கழுவியதில்லை. சாப்பிட்ட தட்டையே கழுவாதவரிடம் அதை யார் எதிர்பார்ப்பார்கள்?

வருடத்துக்கு ஒருமுறை வரும் சபை நாளில், ஊழியச் சாட்சி என்று பத்து நிமிடம் ஒதுக்குவார்கள். கடவுளுக்கும் மனிதருக்கும் தான் செய்த ஒரு பணியை ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் எப்போதும் அடியேனுக்குத்தான். வெள்ளத்தில் ஒரு முதியவரைத் தோளில் சுமந்து கரை சேர்த்த கதை. முதல் தடவை சொன்னபோது தண்ணீர் முழங்கால் வரைக்கும் இருந்தது. அப்புறம் இடுப்பு, மார்பு என்று ஏறி, போன வருடம் கழுத்தைத் தொட்டுவிட்டது. பாடகர் குழுவை நடத்தும் மாஸ்டர் அன்று வாசலில் மறித்துக்கொண்டு கேட்டார்: “யோவ் அடியேன், அடுத்த வருஷம் நீ மூழ்கிடுவேய்யா. அப்புறம் சாட்சியை யார் வந்து சொல்றது?”

மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். கல்யாணம் செய்துகொள்ளாமல், மூத்த அக்காவோடு இருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை. முகம் மழிக்காமல் ஜன்னல் பக்கம்கூட வர மாட்டார். காது கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. கல்யாண வீட்டில் மணப்பெண் அழுதால், “சுதி கொஞ்சம் கம்மி” என்று சொல்லிவிட்டுத்தான் கைகுலுக்குவார்.

இந்த வருடம் சபை நாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது போதகர் அடியேனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அண்ணே, வெள்ளச் சாட்சி போதும். சின்னப் பிள்ளைங்க எல்லாம் உங்ககூடவே சேர்ந்து சொல்லுதுங்க. புதுசா எதாவது இருந்தா சொல்லுங்க. இல்லைன்னா இந்தத் தடவை பெண்கள் சங்கத்துக்குக் கொடுத்துடறேன்.”

பெண்கள் சங்கம் நிஜமாகவே ஏதேதோ செய்துகொண்டிருந்தது. மைக் ஒருமுறை அங்கே போய்விட்டால் திரும்பி வருமா?

“இருக்கு பாஸ்டர், புதுசா ஒண்ணு இருக்கு” என்று சொல்லிவிட்டு, அதைத் தேடக் கிளம்பினார்.

தேடிய இடத்தில் மாஸ்டர் அகப்பட்டார். மாடிப்படியில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் தகடு வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நோயாளியைப் போய்ப் பார்ப்பதும் ஊழியம்தானே? ஞாயிறு பிற்பகல் நாலைந்து பேர், ஒரு பழக்கூடை, வீடியோ எடுக்கத் தெரிந்த ஒருவர் என்று திரட்டிக்கொண்டு அடியேன் போனார். தூறல் இருந்ததால் கையில் குடை.

மாஸ்டர் கழுத்து வரை போர்த்திப் படுத்திருந்தார். அக்கா நாற்காலிகளை இழுத்துப் போட்டார். பேச்சு சரியாக ஓடவில்லை. மாஸ்டர் ஏதோ சொல்ல வருவதும் அடக்கிக்கொள்வதுமாக இருந்தார். கடைசியில், “சீக்கிரம் ஜெபம் பண்ணிட்டுக் கிளம்புங்க” என்றார்.

வீடியோ ஓடுகிறது என்று ஜாடை வந்ததும் அடியேன் கண்ணை மூடினார். நாடாளும் தலைவர்களில் தொடங்கி, கடலில் பயணம் செய்பவர்களைத் தொட்டு, விளைச்சலுக்கு நன்றி சொல்லி, இடுப்பெலும்புக்கு வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. நடுவில் மாஸ்டர் இரண்டு தடவை அழுத்தமாக “ஆமென்” என்றார். அடியேன் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

தெருமுனைக்கு வந்த பிறகுதான் கை வெறுங்கையாக இருப்பது தெரிந்தது. மற்றவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பிப் போனார். அக்கா வாசலில் பையோடு நின்றிருந்தார்.

“நல்லவேளை வந்தீங்க தம்பி. மருந்துக் கடை மூடறதுக்குள்ள ஓடிட்டு வந்துடறேன். கொஞ்சம் அவன்கூட இருங்க.” பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போய்விட்டார்.

அறைக்குள் நுழைந்ததுமே வாடை தெரிந்தது. அந்த வாடையை வீட்டைவிட்டு ஒழிக்கும் சாமான்களை விற்றுப் பிழைப்பவருக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மாஸ்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

“எதுக்கு வந்தே?”

“குடை, மாஸ்டர்.”

“எடுத்துக்கிட்டுப் போ.”

அடியேன் குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனார். அங்கே நின்றார். அன்புதான் அவரைப் பிடித்து நிறுத்தியது என்று சொன்னால் அது பொய். நிறுத்தியது பத்து நிமிடச் சாட்சி. இதைவிடப் புதியது எங்கே கிடைக்கும்? குடையை மூலையில் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

“என்ன ஆச்சு மாஸ்டர்?”

“உன் ஜெபம் ஆச்சு. அவசரமா பெட்பேன் வேணும். கேக்கலாம்னு பாத்தா வீடியோ ஓடுது. ரெண்டு தரம் ஆமென் சொன்னேனேய்யா! ஒரு மனுஷன் வேற எப்படிச் சொல்லுவான்?”

அடியேனின் ஜெபத்துக்கு இதுவரை இப்படிக் கைமேல் பலன் கிடைத்ததில்லை.

“அக்கா வந்துடட்டும்...”

“அக்காவால என்னைத் திருப்ப முடியாது. நேத்து திருப்புறேன்னு அவளே விழப் பார்த்தா. ஒரு அம்மாவை வேலைக்கு வச்சிருந்தோம். போயிட்டாங்க.”

“ஏன் போனாங்க?”

“துடைக்கும்போது பாட்டு முனகுவாங்க. சுதி விலகுதுன்னு சொன்னேன்.”

அடியேன் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். சட்டைக் கையை மடக்கினார். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. மாஸ்டர் சுவரைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார். தண்ணீர் பேசின் எங்கே, துணி எங்கே, கையுறை எங்கே என்று.

“தண்ணி கொதிக்குதேய்யா! என்னைத் துடைக்கிறியா, அவிக்கிறியா?”

பச்சைத் தண்ணீர் கலந்து கொண்டுவந்தார். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து, நல்ல இடுப்புப் பக்கமாக உருட்டி, விரிப்பை நீளவாக்கில் சுருட்டி முதுகோடு ஒட்டி வைக்க வேண்டும். சுருட்டும்போது அடியேனுக்குக் குமட்டியது. ஜன்னலுக்கு ஓடினார்.

“வாந்தி வந்தா வெளிய எடு. ஒரு அறைக்கு ஒரு அசிங்கம் போதும்.”

ஜன்னலில் நாலு மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். துடைத்தார். அலசிப் பிழிந்து மறுபடி துடைத்தார். மாஸ்டரின் முதுகில் எலும்புகள் ஒவ்வொன்றும் கைக்குத் தட்டுப்பட்டன. அந்தக் கால்சட்டைக்கும் சட்டைக்கும் உள்ளே இவ்வளவு கொஞ்சமாகத்தான் ஆள் இருந்தாரா? இதை அடியேன் எதிர்பார்க்கவில்லை. புது விரிப்பை இழுத்துவிட்டு, பவுடர் போட்டு, போர்வையைப் பழையபடி கழுத்து வரை ஏற்றினார். அழுக்கை வாளியில் ஊறப்போட்டுவிட்டு வந்தபோது மாஸ்டர் முதல் தடவையாக அவரைப் பார்த்தார்.

“இது வெளிய போகக் கூடாது. பேர் சொல்லாம சொன்னாலும் தெரிஞ்சிடும். நம்ம சபையில படுத்துக் கிடக்கிறவன் நான் ஒருத்தன்தான். தெரிஞ்சா அந்தப் பாடகர் குழு முன்னால நான் இனிமே கையைத் தூக்க மாட்டேன். கோயில் பக்கமே வர மாட்டேன்.”

“சொல்ல மாட்டேன் மாஸ்டர்.”

“நீயா? நீ தும்மினாலே நோட்டீஸ் அடிக்கிற ஆளு.” பிறகு வேறு யாரோ பேசுவதுபோல் சின்னக் குரலில் கேட்டார்: “நாளைக்குக் காலையில வருவியா?”

அடியேன் தலையாட்டினார். வீட்டுக்கு வந்த பிறகுதான், குடையை மறுபடியும் அங்கேயே விட்டது ஞாபகம் வந்தது.

மறுநாள் போனார். அதற்கு அடுத்த நாளும் போனார். கடை திறக்கும் முன் அது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. கை பழகியது, குமட்டல் நின்றது. மாஸ்டரின் வாய் மட்டும் நிற்கவில்லை. “டாய்லெட் விக்கிறவன்தானே, தண்ணி எவ்வளவு ஊத்தணும்னு தெரியாதா?”

வீட்டில் மனைவி முகர்ந்து பார்த்தாள். “என்னங்க, காலங்காத்தால எங்க போறீங்க?”

“நடைப்பயிற்சிக்கு.”

“நடந்துட்டு வர்றவங்க மேல வியர்வை வாசனைதான் வரும். உங்க மேல பினாயில் வாசனை வருது.”

அன்று சாப்பிட்டு முடித்ததும் அடியேன் யோசனையாகவே எழுந்து தட்டைக் கழுவி வைத்தார். மனைவி பதறிப்போய் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

ஆனால் சாட்சியை அவர் விட்டுவிடவில்லை. விட முடியுமா? வாழ்நாளில் முதல் தடவையாக, தண்ணீரை ஏற்ற வேண்டிய தேவையே இல்லாத சாட்சி கிடைத்திருந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். சத்தியமாகப் பெயரைச் சொல்லப் போவதில்லை. ‘ஒரு சகோதரர்’ என்று மட்டும் சொன்னால் எப்படித் தெரியும்? தெரிந்தாலும் அது தன் குற்றமா? கடையில் விற்பனைக்கு மாட்டியிருந்த முகக்கண்ணாடிகளின் முன் நின்று மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தார். கண்ணாடிகளில் இருந்த அத்தனை அடியேன்களும் கண் கலங்கினார்கள். மறுநாள் போதகரிடம் போய், “தயாரா இருக்கு பாஸ்டர். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க” என்றார்.

சபை நாள் காலையில் மாஸ்டர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார். துடைத்து முடிந்ததும், “முகத்தை மழிச்சு விடு” என்றார். பிறகு அலமாரியிலிருந்து வெள்ளைச் சட்டையையும் டையையும் எடுக்கச் சொன்னார். “ஆராதனையை அக்கா போன்ல போட்டுக் காட்டுறா. என் குழு பாடறப்ப நான் நைட்டுச் சட்டையோட கிடக்க முடியுமா?” போர்வைக்கு மேலே மாஸ்டராகவும் போர்வைக்குக் கீழே நோயாளியாகவும் சாய்ந்து உட்கார்ந்தார். அடியேன் கிளம்பும்போது கேட்டார்: “இன்னைக்கு உன் சாட்சிதானே?”

“ஆமா மாஸ்டர்.”

“ம்” என்றார்.

ஆலயம் நிரம்பியிருந்தது. அடியேன் தன் பெயரைத் தானே மிதித்து மூன்று படியும் ஏறி மைக்கைப் பிடித்தார்.

“போன மாசம் ஒரு வீட்டுக்குப் போனேன்.”

சபை நிமிர்ந்தது. வெள்ளம் இல்லை!

“அந்த வீட்ல ஒரு சகோதரர் படுத்த படுக்கையா இருந்தாரு. அவர் பேரை நான் சொல்ல மாட்டேன்.”

சொல்லி வாய் மூடவில்லை. பாடகர் குழு மொத்தமும், ஒருவர் கையசைத்ததுபோல், மாஸ்டரின் காலி நாற்காலிப் பக்கம் தலையைத் திருப்பியது. பின்வரிசையில் யாரோ “ஐயோ பாவம், மாஸ்டர்” என்றார்கள்.

அடியேன் மேடையில் நின்றார். அடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. ‘அவர் இருந்த நிலைமையை என் கண்ணால பாத்தேன்’ என்ற வாக்கியம். கண்ணாடி முன் அந்த இடத்தில்தான் குரல் உடையும். எதிரே வீடியோக்காரரின் கேமரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், டை கட்டிக்கொண்டு மாஸ்டர் பார்த்துக்கொண்டிருப்பார். மைக் கீச்சென்றது. யாரோ இருமினார்கள். போதகர் நாற்காலியில் அசைந்தார்.

“அங்க...” என்றார் அடியேன். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தார். “அங்க என் குடையை மறந்து வச்சிட்டு வந்துட்டேன்.”

சபை காத்திருந்தது.

“திரும்பிப் போய்ப் பாத்தேன். குடை வச்ச இடத்துலயே இருந்துச்சு.”

இன்னும் காத்திருந்தது.

“அவ்வளவுதான். கர்த்தர் நல்லவர்.”

இறங்கி வந்து உட்கார்ந்தார். போதகர் கடிகாரத்தைப் பார்த்தார், சபையைப் பார்த்தார், பிறகு பெண்கள் சங்கத் தலைவியைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கூப்பிட்டார். அந்த அம்மா மீதி நேரத்தையும் எடுத்துக்கொண்டு, அதற்கு மேலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். சபை கண்ணைத் துடைத்துக்கொண்டது. மைக் இனி திரும்பி வராது என்பது அடியேனுக்கு நிச்சயமாகிவிட்டது.

வெளியே வந்தபோது வாசலில் ஆளுக்கொன்று சொன்னார்கள். “வெள்ளம் வத்திடுச்சு, குடைதான் மிச்சம்.” “குடை கிடைச்சதே பெரிய அற்புதம்தான் அண்ணே.” அன்று மாலைக்குள் ‘அடியேன்’ போய் ‘குடை’ என்ற பெயர் வந்து சேர்ந்துவிட்டது. அதற்கு அவர் காணிக்கை எதுவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கும்போது மனைவி கேட்டாள்: “மாஸ்டர் வீட்லதானே குடையை விட்டீங்க?”

“ஆமா.”

“இன்னும் அங்கதான் இருக்கா?”

“ஆமா.”

மறுநாள் விடிந்ததும் அவர் செருப்பை மாட்டும்போது ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். உள்ளே பழைய விரிப்புகளைக் கிழித்து, துவைத்து, மடித்து வைத்த துண்டுகள். “பழசு. மெத்துனு இருக்கும். எதுக்காவது ஆகும்” என்றாள்.

மாஸ்டர் நேற்றைய சட்டையைக் கழற்றியிருந்தார். உள்ளே வந்தவரை மேலும் கீழும் பார்த்தார். அடியேன் ஒரு வார்த்தைக்காக நின்றார். பழக்கம் சீக்கிரம் விடாது.

“மைக்கை வாய்க்குள்ள விட்டுக்கிட்டா பேசறது?” என்றார் மாஸ்டர். “தண்ணி ஆறுது. வந்து திருப்பு.”

அடியேன் தலையணையை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து, மெதுவாக உருட்டினார். விரிப்பைச் சுருட்டினார். மனைவி கொடுத்த துணியை நனைத்துப் பிழிந்து துடைக்க ஆரம்பித்தார். கை வேலையில் இருக்க, நேற்று பாடகர் குழு பாடிய பாட்டு தானாக வாயில் வந்தது. முனகினார். பல்லவியிலேயே சுதி எங்கோ போய்விட்டது; அனுபல்லவியில் தாளமும் அதைத் தேடிக்கொண்டு போயிற்று.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாஸ்டரின் காது மடல் துடித்தது. வாயைத் திறந்தார்.

பிறகு மூடிக்கொண்டார். கட்டில் விளிம்பைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, பாட்டு முடியும் வரை பொறுத்திருந்தார்.