அப்பாவுக்குப் படைத்தது

என் அம்மா அமராவதிக்குச் சாராயம் என்ற பேச்சே ஆகாது. தம்பி சின்னதம்பி சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவாள்.

"அந்தக் கருமத்தத் தொட்டுடாதடா. உங்கப்பன முழுங்கினது அதுதான்."

அவன் குழம்பை ஊற்றிக்கொண்டே "சரிம்மா" என்பான். நாய்க்குட்டியிடம் சொல்லியிருந்தால் அதுகூட இன்னும் கொஞ்சம் கவனமாகக் கேட்டிருக்கும்.

அவனுக்குப் பதினாறு வயது. பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் எங்கள் குப்பம். அம்மா மீன்கூடையைத் தலையில் வைத்துச் சிதம்பரத்தில் தெருத்தெருவாகக் கூவி விற்று, அவனை எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் கொண்டுவந்திருந்தாள். தேறினால் அண்ணாமலை நகர் யுனிவர்சிட்டியில் பியூனாகவாவது சேர்த்துவிட வேண்டும். அவன் படகு ஏறக்கூடாது, குடிக்கக்கூடாது. அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்ததே அதற்காகத்தான்.

அது மதுவிலக்கு இருந்த காலம். ஒருநாள் சர்க்கார் பிரச்சார வண்டி குப்பத்துக்கு வந்து வெள்ளைத் துணியில் படம் காட்டியது. படத்தில் குடிகாரன் பெண்டாட்டியை அடித்தான், சாக்கடையில் விழுந்தான், அழுதான். ஜனங்கள் உச்சுக்கொட்டினார்கள். சின்னதம்பி சிரித்தான்.

"இன்னாடா சிரிப்பு?" என்றேன்.

"நம்ம அப்பா இப்பிடியாக்கா இருந்தாரு?"

அப்பா பூவராகனைச் சித்தப்பா சாமிக்கண்ணு சொன்ன கதைகளில்தான் அவன் அறிவான். போதையில் முகத்துவாரத்தை எதிர்நீச்சலில் கடந்த அப்பா. போதையில் லால்பேட்டைக் கல்யாண வீட்டுக்கு ஒரு கூடை இறாலைச் சும்மா தூக்கிக் கொடுத்த அப்பா. குடிக்காத அப்பாவைப் பற்றி யாரிடமும் ஒரு கதையும் கிடையாது. கடலூர் ஆஸ்பத்திரியில் அவர் ரத்தமாகக் கக்கி, என் பெயர்கூடத் தெரியாமல் கட்டிலைப் பிறாண்டிச் செத்ததை நானும் அம்மாவும்தான் பார்த்தோம். சின்னப் பையன் பயந்துவிடுவான் என்று அவனை மாமா வீட்டில் விட்டிருந்தார்கள். அப்புறமும் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. செத்தவரைக் குறைவாகப் பேசக்கூடாதாம்.

வருஷா வருஷம் அப்பா இறந்த நாளில் அவருக்குப் படைப்போம். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டும். அப்பாவுக்கு எது பிடிக்கும் என்று ஊருக்கே தெரியும். அந்த வருஷம் நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

"பாட்டில் வேணாம்மா. வயசுப்பையன் இருக்கற வீடு."

அம்மா ஒத்துக்கொண்டு இளநீர் வாங்கிவைத்தாள். அந்தச் சம்மதம் சித்தப்பா வருகிற வரைக்கும்தான் நின்றது. அவர் புதுச்சேரிச் சரக்கை மீன்கூடைக்கு அடியில் மறைத்து எடுத்து வந்திருந்தார்.

"இன்னா அண்ணி, இளநிய வச்சா அண்ணன் வருவாரா? வாசலோட திரும்பிப் பூடுவாரு."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு பாட்டிலை வாங்கி, முந்தானையால் துடைத்து, இலைக்கு முன்னால் வைத்தாள். குளிப்பாட்டிய குழந்தையைத் துடைப்பதுபோல அப்படி ஒரு பதமாகத் துடைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காக்கைக்குச் சோறு வைத்தபின் ஆண்கள் உட்கார்ந்தார்கள். படைத்ததை வீணாக்கக் கூடாதே. சித்தப்பா தம்ளரைச் சின்னதம்பியிடம் நீட்டினார்.

"அப்பன் பிரசாதம்டா. ஒரு வாய்."

"படிக்கிற பையன், சித்தப்பா" என்றேன்.

"நீ உள்ள போ" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். தம்ளரைத் தட்டிவிடுவாள் என்று காத்திருந்தேன். சின்னதம்பி அவளைப் பார்த்துக்கொண்டே ஒரே மடக்கில் குடித்தான். புறங்கையால் வாயைத் துடைத்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். அப்பாவேதான். எனக்கே உடம்பு சிலிர்த்தது.

"பூவராகன உரிச்சு வச்சிருக்கான்" என்றார் சித்தப்பா.

அம்மா அவன் கன்னத்தை இரண்டு கைகளாலும் வழித்து, நெற்றியில் வைத்து நெட்டி முறித்தாள். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. உள்ளே போய், வறுத்த மீனில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள்.

சாயங்காலம் படகுத்துறையில் அவனைப் பிடித்தேன். ஆஸ்பத்திரியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ரத்தம், பிறாண்டல், அந்த நாற்றம், எல்லாம். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். இனிமேல் தொடமாட்டான் என்று நம்பிவிட்டேன். அவ்வளவு முட்டாள் நான்.

"நெசமாவாக்கா?"

"சத்தியமாடா."

அவன் ஒரு கிளிஞ்சலை எடுத்துத் தண்ணீரில் வீசினான்.

"நான் கிளாஸ்லயே ஜாஸ்தி மார்க் வாங்கினேனே, அப்ப அம்மா இன்னா பண்ணுச்சு தெரியுமா? 'சரி'ன்னுட்டு கூடையத் தூக்கிக்கினு போயிடுச்சு. அப்பா போனப்பறம் அது சிரிச்சு நான் இன்னிக்கித்தாங்க்கா பாத்தேன்."

சொல்லிவிட்டுச் சித்தப்பா வீட்டுப் பக்கம் நடந்தான்.