எடைக்குறைப்பு இயக்குநரின் எடை

விமானங்களிலிருந்து பிரசாந்தன் குறைத்த எடையெல்லாம் அவன் உடம்பிலேயே வந்து சேர்ந்தது. அறுபத்தெட்டுக் கிலோவாக விமானக் கொம்பனியில் எஞ்சினியராகச் சேர்ந்தவன், பதினேழு வருடங்களில் எடைக்குறைப்பு இயக்குநராகி, நாலாயிரத்து நூற்று அறுபத்தெட்டுக் கிலோவானான். ஆள் பருக்கவில்லை. இடுப்புப் பட்டி அதே துளையில்தான் மாட்டியது. திருகாணிகளில் ஒன்பது கிலோ, கம்பளத்தில் நாற்பது, கழிவறைக் கதவுகளில் இருபத்தாறு என்று வந்தது. கூடவே பதவி உயர்வும் வந்தது.

பாரிஸின் லா சப்பலில் யாழ்ப்பாணத்துக்குப் பொதி அனுப்பும் வரதராசாவின் தராசுதான் முதலில் இதைச் சொன்னது. அப்போது எழுநூறு கிலோ. வரதராசா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தம்பி, பெட்டியெண்டால் பிரிச்சு ரெண்டாக் கட்டலாம். உம்மை என்ன செய்யிறது? வேலையை விடும்."

"இன்னும் ரெண்டு படிதான் அண்ணை."

அவனுக்கு வேண்டியிருந்தது கொம்பனித் தலைவர் பதவி.

ஆயிரம் கிலோவைத் தாண்டியபின் அவனால் உட்கார முடியவில்லை. ஓரிடத்தில் மூன்று நிமிடம் நின்றால் தார் அமிழ்ந்தது. மூன்றாம் மாடியிலிருந்து குடும்பம் கீழ்வீட்டுக்கு வந்தது. அங்கும் மனைவி துஷாந்தி, "இஞ்சேருங்கோ, நில்லாதேங்கோ, சீமெந்து வெடிக்குது" என்றபடியே சோறு பரிமாறினாள். அவன் சோற்றுக் கோப்பையை ஏந்தி அறையைச் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டான். சுவரில் சாய்ந்து தூங்கிப் பார்த்துச் சுவரை இழந்தான். ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்தைக் கடந்து லா கூர்னெவ்விலிருந்த தலைமையகத்துக்கு நடந்தே போனான். கூட்டங்களையும் நடந்தபடியே நடத்தினான். 'ஓயாத தலைமை' என்று ஒரு வணிகச் சஞ்சிகை அட்டையில் போட்டது. அடுத்த மாதம் உப தலைவர்கள் எல்லோரும் நடந்தார்கள். அவன் அலுவலகம் கீழ்த்தளத்துக்கு மாறியதும், ஆறாம் மாடியில் ஆற்றைப் பார்த்திருந்த அறைகளை விட்டுவிட்டு அவர்களும் கீழ்த்தளத்தில் இடம்பிடிக்க அடிபட்டார்கள்.

புதிய விமானத்தின் முதல் பறப்பில் போகிறவனே அடுத்த தலைவர் என்பது கொம்பனியின் வழக்கம். ஏறும் எல்லோரையும் நிறுப்பதும் வழக்கம். அதற்கு முந்திய வாரம் அவன் லா சப்பல் தெருக்களில் நடந்த நடையில் நடைபாதைக் கற்கள் பதினெட்டு உடைந்தன. தராசு வாயைத் திறந்தால் பதினேழு வருட உழைப்பு என்னாவது?

தராசு திறந்தது. நிறுவைப் பொறுப்பாளர் லாரா கணக்கை இருமுறை சரிபார்த்துவிட்டு, புதிய விமானமும் இந்த மெசியூ பிரசாந்தனும் சேர்ந்தால் சரியாகப் பழைய விமானமும் ஒரு சாதாரண ஆளும் என்று அறிவித்தாள். பிரசாந்தன் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினான். ஓய்வுபெறவிருந்த தலைவர் சற்று யோசித்து, "பழையது பறந்ததுதானே" என்றார்.

சரக்குத் தளத்தில், சிறகுகளுக்கு நேர்மேலே, இரும்புச் சட்டமொன்றில் அவனை உட்கார வைத்தார்கள். விமானம் எழும்பியது. பழையது குடித்த எரிபொருளையே குடித்தது, பார்க்க வந்த அமைச்சர்கள் கைதட்டினார்கள். ஏழு வருடத்துக்குப் பிறகு உட்கார்ந்தவன் துலூஸ் நகரம் வரைக்கும் குறட்டை விட்டான்.

இப்போது அவன்தான் தலைவர். அவன் பயணம் செய்யும் நாட்களில் அவன் எடைக்கு ஈடாக நாற்பத்தொரு ஆசனங்களை விற்காமல் விடுகிறார்கள். மற்றப் பயணிகள் தங்கள் பைகளை அவற்றில் வைத்துக்கொள்கிறார்கள்.