விழுகிற வேலை

மெத்தைக் கடை விற்பனையாளருக்கு விழுவதுதான் வேலை. வாங்க வந்தவர்கள் யோசித்துக்கொண்டு நின்றால், கையைக் கட்டிக்கொண்டு இடது பக்கமாகத் தொப்பென்று மெத்தையில் விழுவார். "பாத்தீங்களா, பக்கத்துல வச்ச தண்ணி டம்ளர் ஆடவே இல்ல." ஒரு நாளைக்கு நாற்பது தடவை. தள்ளுபடி வாரத்தில் எண்பது.

அந்த வாரம் முடிந்த மறுநாள் காலை இடது மார்பில் சுருக்கென்றது. மூச்சை இழுத்தால் குத்தியது. தும்மியபோது கண்ணில் பூச்சி பறந்தது. மாரடைப்பேதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வாடகைக் காரில் மனைவியின் கையைப் பிடித்தார்.

"மனசுல வச்சுக்கிட்டுப் போகக் கூடாது. சொல்லிடறேன்."

"எங்க போறீங்க? ஆஸ்பத்திரிக்குத்தான?"

"வெள்ளிக்கிழமையானா ஸ்டாக் எடுக்கறேன்னு கடையில தங்கறேன்ல? ஸ்டாக்கே எடுக்கறதில்ல. அங்க படுத்துத் தூங்கறேன். நீ விடற குறட்டை தாங்கல. ஆறு வருஷமா."

மனைவி கையை உருவிக்கொண்டாள். டிரைவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

டாக்டரம்மா முதலில் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். பிறகு விலா எலும்பு நடு நெஞ்சோடு சேரும் இடத்தில் ஒரு விரலால் அழுத்தினார். விற்பனையாளர் கட்டிலைவிட்டு அரை அடி எழும்பினார்.

"இதயம் நல்லா இருக்கு. குருத்தெலும்புலதான் வீக்கம். என்ன வேலை பாக்கறீங்க?"

"விழறேன்."

"மூணு வாரம் விழாதீங்க. சூடு ஒத்தடம் குடுங்க. மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம். இருமல் வந்தா தலையணையை நெஞ்சோட அணைச்சுக்கங்க. மூச்சு முட்டினாலோ, வலி கைக்குப் பரவினாலோ, வேர்த்துக் கொட்டினாலோ உடனே வந்துடணும்."

மனைவி நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

"இவர் இதயம் அதிர்ச்சி தாங்குமா, டாக்டர்?"

"நல்லாவே தாங்கும்."

"சரி." கணவர் பக்கம் திரும்பினாள். "எனக்குக் குறட்டையே கிடையாது. நீங்கதான் தூக்கத்துல 'பத்து வருஷ கேரண்டி, புரண்டு பாருங்க சார்'னு விடிய விடிய வியாபாரம் பண்றீங்க. வாரத்துல ஒரு நாளாவது நிம்மதியா தூங்கணும்னு வியாழக்கிழமையானா வேணும்னே குறட்டை விடுவேன். வெள்ளிக்கிழமை நீங்களே கிளம்பிடுவீங்க."

விற்பனையாளர் சிரித்தார். சிரித்ததும் விலா பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரித் தலையணையை எடுத்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார்.

"அப்ப வர்ற வெள்ளிக்கிழமை?" என்றார் மெதுவாக.

"ஸ்டாக் யார் எடுப்பா? போயிட்டு வாங்க," என்றாள் மனைவி.