கன்னிமார் ஏழு பேருக்கும் ஒரே முகம்

1.

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ஒரு பத்திரிகைக்காரர் கூப்பிட்டு, காதலர் மலருக்கு 'ஈரமாக' ஒரு கதை கேட்டார். ஒரு சிற்பி, அவனுக்கு மாடலாக உட்காரும் பெண், அவ்வளவுதான். நானும் மானங்கெட்டுப்போய் இப்படி ஆரம்பித்தேன்:

அவன் உளி பட்ட இடமெல்லாம் அவள் புன்னகை—

வேண்டாம். பிரதீப் உளியைத் தொட்டதே இல்லை. மீனாட்சிபுரத்தில் சிமெண்டில் கோயில் சிலை செய்கிறவன். கம்பி கட்டி, கலவை அப்பி, கரண்டியால் வழிப்பான். பத்திரிகைக்காரர் ஆசைப்பட்ட தாடி மட்டும் உண்டு.

2.

ஜீவிதா அதே ஊர் பால் சங்கத்தில் பால் சோதிக்கிறவள். பாலில் எவ்வளவு தண்ணீர் என்று காட்ட அவளிடம் கருவி இருந்தது. பிரதீப்பின் பேச்சுக்கு அப்படி எதுவும் இல்லை.

"உன்ற மூஞ்சியப் பாத்துச் செஞ்சுக்கறேன் புள்ள, செத்த உக்காரு" என்றான். ஞாயிறுதோறும் அவன் கொட்டகையில் கவிழ்த்த பெயிண்ட் வாளிமேல் உட்கார்ந்தாள். அவனைப் பிடித்திருந்தது, உட்கார்ந்தாள். இதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை. தையில் கல்யாணம் என்று முதலில் சொன்னவனும் அவன்தான்.

(இங்கே ஒரு காதல் காட்சி வைத்தேன். அவன் அவள் மோவாயைப் பிடித்து மெல்ல வெளிச்சத்துக்குத் திருப்புகிறான். அவள் அதைக் கொஞ்சல் என்று நினைத்துக்கொள்கிறாள். அவனுக்கு வேண்டியிருந்தது தாடை எலும்பு. மேலே எழுத எனக்குக் கை வரவில்லை.)

3.

கோவிந்தாபுரம் போகிற வழியில், வயலோரக் கன்னிமார் கோயிலுக்கு ஏழு சிலை கேட்டார்கள். ஏழு கன்னித் தெய்வங்கள். பிரதீப் ஏழு பேருக்கும் ஜீவிதாவின் முகத்தையே வைத்தான். கலைஞன் என்றால் ஒரு முகத்துக்கு மேல் பார்க்கத் தெரியக்கூடாது போல.

"ஏனுங்க, ஏழு பேர்த்துக்கும் என்ற மூஞ்சியேவா?"

"வேற மூஞ்சி மனசுல வரல புள்ள."

அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள், கோயிலில் விளக்கு வைக்கும் பழனாத்தாள் சிலைகளைப் பார்த்துவிட்டு நேராக ஜீவிதாவின் அப்பா மாரப்பனிடம் வந்தாள்.

"கன்னிமாருக்கு மூஞ்சி குடுத்த புள்ள கன்னியாத்தான் இருக்கோணும். கண்ணுத் தெறந்துட்டா அப்பறம் தாலி ஏறாதுங்க."*

மாரப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

(* இப்படி ஒரு ஐதீகத்தை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. அன்று காலையில் பிறந்தது. மத்தியானத்துக்குள் ஊரில் எல்லோருக்கும் தாத்தா காலத்திலிருந்தே தெரிந்திருந்தது.)

4.

சிலைகளுக்குக் கண் எழுதும் கண் திறப்பு வெள்ளிக்கிழமை. வியாழன் மத்தியானம் ஜீவிதா கோயிலுக்கு ஓடினாள். எதையும் கடைசி நேரத்தில் முடிக்கிற பிரதீப், முகங்களுக்கு மேல் பூச்சை அப்போதுதான் இழுத்து முடித்திருந்தான்.

"மூக்கக் கொஞ்சம் மாத்திப்போடுங்க. கன்னத்துல ஒரு புடி கலவை அப்புனாப் போதும். நாம கண்ணாலம் பண்ணிக்கோணுமல்லங்க?"

"இது மாதிரி இனி என்ற கைக்கு வராது புள்ள." அவன் கண் கலங்கிவிட்டது. கலங்கட்டும், நமக்கென்ன? "எனக்கு நீ சாமி. சாமியக் கட்டிட்டுப் போயி சோறாக்கச் சொல்ல முடியுமா?"

"எனக்குச் சோறாக்கத் தெரியும். சாமியா இருக்கத்தான் தெரியாது."

அவள் பேச்சில் 'ங்க' காணாமல் போனதை அவன் கவனிக்கவில்லை. கண் எழுதக் கருப்புப் பெயிண்ட் வாங்கவேண்டும் என்று பைக்கை எடுத்துக்கொண்டு கொல்லங்கோட்டுக்குப் போய்விட்டான். பழனாத்தாளின் வாக்கில் அவனுக்கு உள்ளூர நிம்மதி. சிலையும் கெடாது, கல்யாணச் செலவும் இல்லை, காதலும் அப்படியே இருக்கும்.

5.

முடிவு ஒன்று: பாதி வழியில் மனம் திருந்திய பிரதீப் பைக்கைத் திருப்பி—

(எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

முடிவு இரண்டு: அவள் கன்னியாகவே இருந்து, வருஷாவருஷம் தன் முகத்துக்கே விளக்கு வைத்து—

(பத்திரிகைக்காரர் இதற்குத்தான் உருகுவார். ஆகவே கிடையாது.)

மூன்றாவதை யோசிப்பதற்குள் ஜீவிதா கீழே கிடந்த கரண்டியை எடுத்துவிட்டாள். பூச்சு இன்னும் ஈரம். முதல் கன்னியின் மூக்குக்கு நேராகக் கரண்டியைக் கொண்டுபோனவள், நின்று, என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் இதையேதானுங்க பண்றீங்க? அவுரு சிமெண்டுல, நீங்க எழுத்துல."

எனக்குச் சுருக்கென்றது. "இல்லையம்மா. உன் முகம் எப்படியிருக்கும் என்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை. வேண்டுமானால் மேலே போய்ப் பார்."

"நீங்க எழுதலீங்க. படிக்கறவங்க?"

அவள் கேட்பது உங்களை. பால் சங்கம் வந்த இடத்திலேயே நீங்கள் அவளுக்கு ஒரு முகம் செய்து வைத்திருப்பீர்கள். மூக்கு, கன்னம், கண் எல்லாம். அவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

அந்த முதல் மூக்கை அவள் வழித்தாளா என்று இனி என்னிடம் கேட்க வேண்டாம். கரண்டியை உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். பூச்சு காய்வதற்குள் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது எட்டாவது முகம்.