சேர்மனிடம் சொல்லாதது

பதினெட்டு வருஷம் ஓர் இயக்குநரின் அறை வாசலில் உட்கார்ந்து, அவர் யாரைப் பார்க்கலாம், யாரைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்தவள் நான். அந்த வேலையை விட்டுவிட்டு, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, பெரிய அதிகாரிகளுக்கு வீட்டிலிருந்தபடியே செயலாளர் வேலை பார்க்கும் தொழிலைத் தொடங்கினேன். அன்றிலிருந்து என் கணவர் என்னை முதலாளியம்மா என்றுதான் கூப்பிடுகிறார். முதலாளியம்மாவுக்கு இருந்ததோ ஒரே ஒரு வாடிக்கையாளர்.

அவர் ஒரு கம்பெனியின் சேர்மன். முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை, எல்லாம் எழுத்தில்தான். ஒரு மாதம் சோதனைக் காலம். அவருக்குப் பிடித்துப்போனால் நான் நிரந்தரம், அவர் சொல்லி இன்னும் நாலு பேர் வருவார்கள். பிடிக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். என் பழைய நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்தாயிற்று. முதல் நாளே, கம்பெனி ரகசியங்களின் பாதுகாப்புக்கு என்று ஒரு செயலியை அனுப்பி லேப்டாப்பில் போடச் சொன்னார். போட்டேன்.

இரண்டாவது வாரம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மதியம் அவரிடமிருந்து செய்தி: "தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள். மூன்று மணிக் கடிதம் நாளை போதும்."

மனசு குளிர்ந்துவிட்டது. பழைய இயக்குநர் நான் தும்மினால் கதவைச் சாத்திக்கொள்கிறவர்.

"தொண்டை வலின்னு அவர்கிட்ட சொன்னியா?" என்றார் கணவர்.

"இல்லையே. குரலை வச்சுக் கண்டுபிடிச்சிருப்பார்."

"நீ அவர்கிட்ட பேசினதே இல்லையே, முதலாளியம்மா."

லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தேன். மனுஷனுக்கு 'தயவுசெய்து' என்று ஒரு வார்த்தை எழுத வராதா என்று போன வாரம் இதே மேஜையில் புலம்பியிருந்தேன். மறுநாள் காலைச் செய்தியில் முதல் வார்த்தையே தயவுசெய்து. அதைத் தற்செயல் என்று நினைத்த நான் ஒரு மடச்சி.

ஆபீசில் விஷயம் கசிந்தால் ஆளைப் பிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. ஒரே கூட்டத்துக்கு ஆளுக்கொரு நேரம் சொல்வேன். வெளியே எந்த நேரம் அடிபடுகிறதோ, அந்த ஆள்தான். அதே வேலையை இங்கேயும் காட்டினேன். காகிதத்தில் விஷயத்தை எழுதிக் கணவரிடம் நீட்டினேன். படித்துத் தலையாட்டினார். பிறகு லேப்டாப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"என்னங்க, இன்னொரு கம்பெனி மேடம் கூப்பிட்டிருக்காங்க. திங்கட்கிழமையிலேருந்து அங்க போயிடலாம்னு இருக்கேன்."

"அப்போ சேர்மன்?" என்றார். அவர் நடிப்பு சகிக்கவில்லை.

"அவர்கிட்ட இன்னும் சொல்லலை."

எதுவும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, வந்துவிட்டது.

"உங்கள் சோதனைக் காலம் இன்றோடு முடிந்தது. திங்கள் முதல் நீங்கள் நிரந்தரம். என் நண்பர்கள் இருவரிடம் உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து சம்மதம் தெரிவியுங்கள்."

சோதனைக் காலம் முடிய இன்னும் பதினாறு நாள் இருந்தது. முதல் நாளிலிருந்து நான் காத்துக் கிடந்த செய்தி இது. அழுகை முட்டியது, அதைவிடக் கோபம். டைப் அடிக்கப் போன கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"சார், எனக்குச் சம்மதமில்லை," என்றேன், லேப்டாப்பைப் பார்த்து. "இதை எழுதி வேற அனுப்பணுமா?"

திரையில் 'டைப் செய்கிறார்' என்று வந்தது. கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மறைந்துவிட்டது.