கறுப்பு வெள்ளையில் ஒரு பிறந்தநாள்

"பாடிய வீட்டுக்குக் கொண்டாந்துட்டீங்களாம்மா?"

கவிநிலாவிடம் இப்படிக் கேட்டவர் அருணகிரி, அவள் அப்பா சக்திவேல் ஆட்டோ ஓட்டுகிற ஸ்டாண்டின் செயலாளர். கவிநிலா அப்போது செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன காபிக் கடையின் பின்பக்கம் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தவளுக்குக் கேள்வி காதில் விழுந்தது. உள்ளே இறங்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

யாருடைய பாடி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் போனை எடுத்தாலே தொண்டை ஒட்டிக்கொள்கிற பெண் அவள். பதினொன்றாம் வகுப்பில் இங்கிலீஷ் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னபோது வாய் திறக்காமல் நின்று, வகுப்பே சிரித்து, மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். இப்போதும் போனைக் காதில் வைத்தபடி நின்றாள். அந்த மௌனத்தை அருணகிரி அழுகை என்று எடுத்துக்கொண்டார்.

"சரி சரி, அழுவாத கண்ணு. காலையில நல்லா சிரிச்சினுதான் போனான் சக்திவேலு. யாரு கண்டா? நாங்க மாலை வாங்கினு நேரா வீட்டுக்கே வந்துடறோம். அம்மாவப் பாத்துக்கோ."

போன் வைக்கப்பட்டது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்பாவின் எண்ணை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. மறுபடியும் அழுத்தினாள். அதே குரல், அதே பதில். காலையில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சாத்தனூர் அணைக்குப் போயிருந்தார் அப்பா. அந்த ரோட்டில் வளைவும் லாரியும் எப்படி இருக்கும் என்று அவர்தான் ராத்திரி சோறு தின்னும்போது சொல்வார்.

கடைக்கார நந்தினியக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

"அப்பா..." என்றாள் கவிநிலா. நந்தினியக்கா அவள் முகத்தைப் பார்த்தாள், குழாயை மூடினாள், ஸ்கூட்டிச் சாவியை எடுத்தாள்.

வண்டியில் போகும்போது ரோடு தெரியவில்லை. கடைகள், காவி வேட்டிகள், எதிரே வந்த பஸ், எதுவும் கண்ணில் நிற்கவில்லை. அப்பாவின் காலை முகம் மட்டும் நின்றது.

இன்று அவருக்குப் பிறந்தநாள். அவருக்கே அது நினைவில் இல்லை. "ஆட்டோகிட்ட நில்லுங்கப்பா" என்று சொன்னபோது, "எதுக்குடி, கண்காட்சியில வெக்கவா?" என்று கேட்டுக்கொண்டே தலையை வாரிக்கொண்டு வந்து நின்றார். சிரிக்கச் சொன்னதும் சிரிப்பை அடக்கினார். அடக்கியது நிற்காமல் ஒரு பக்கமாக வழிந்தது. அந்த நேரம் பார்த்து எடுத்தாள்.

போன மாதம் கடைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரம்மா கழுத்தில் பெட்டி மாதிரி பழைய கேமரா ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். உள்ளே ஃபிலிம் கிடையாது. தலைப்பக்கம் இருக்கிற சதுரக் கண்ணாடியில் எதிரே இருப்பது தெரியும்; அதன் மேல் செல்போனைக் கவிழ்த்துப் பிடித்து, அந்தக் கண்ணாடிக்குள் தெரிவதைப் படம் எடுப்பாள். கவிநிலாவையும் ஒரு தரம் குனிந்து பார்க்கச் சொன்னாள். தினம் பார்க்கிற மலை, ஓரம் இருண்டு, மூலை மழுங்கி, தூசும் கீறலுமாக, எவரோ என்றைக்கோ பார்த்து வைத்துவிட்டுப் போன மலை மாதிரி இருந்தது. பெட்டி இல்லாமலே அப்படிப் படம் தருகிற ஆப் ஒன்றை அந்தம்மாவே அவள் போனில் ஏற்றிக் கொடுத்தாள். அன்றிலிருந்து கவிநிலாவுக்கு அதே வேலை. மாடு, பூக்கூடை, கோபுரம், காய்கிற துணி, எது கிடைத்தாலும் அதற்குள் போட்டுப் பார்ப்பாள். அதில் கறுப்பு வெள்ளைதான் அவளுக்கு உயிர்.

அப்பாவையும் கறுப்பு வெள்ளையில்தான் போட்டாள். ஓரத்து இருட்டுக்கு நடுவில் அவர் முகம் மட்டும் வெளிச்சமாக இருந்தது. 'உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும் அப்பா' என்று கீழே எழுத ஆசை. எழுதி, வெட்கப்பட்டு, அழித்தாள். 'ச. சக்திவேல்' என்று பேரையும், அடியில் அவர் பிறந்த தேதியையும் மட்டும் போட்டு ஸ்டேட்டஸில் வைத்தாள். எல்லாரும் பார்த்து வாழ்த்துவார்கள். டேட்டா தீர்ந்துவிடும் என்று நெட்டை அணைத்துவிட்டு வேலைக்கு வந்தாள்.

அந்தச் சிரிப்புத்தான் கடைசியா? நந்தினியக்காவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பேகோபுரத் தெருப் பக்கம் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டு வாசலில் அதற்குள் பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கியிருந்தன. பந்தலுக்குக் கழி வந்து சுவரில் சாய்ந்திருந்தது. அம்மா பொன்னி கூடத்தில் சுவரோரமாகக் கிடந்தாள். கொண்டை அவிழ்ந்து, காலையில் வைத்த பூ அதில் பாதி தொங்கிக்கொண்டிருந்தது.

"உங்கப்பா போன் எடுக்க மாட்டேங்கறாருடி" என்றாள் மகளைப் பார்த்ததும். "நீ பண்ணு. நீ பண்ணா எடுப்பாரு."

கவிநிலா அம்மாவின் மடியில் விழுந்தாள். சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"லாரியாம்."

"பஸ்ஸுனு சொன்னாங்களே."

"தண்டராம்பட்டுகிட்டயாம். அந்த எடம் எப்பவுமே ஆளக் கேக்கும்."

"அப்போ உடம்ப இங்கதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாருவாங்க. சாயங்காலமாயிடும்."

மாடியில் குடியிருக்கிற வீட்டுக்காரி ஜோதியம்மாள் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். "நேத்துகூட மோட்டார் ரிப்பேருனு சொன்னேன், நானே பாக்கறேன் ஜோதிம்மானு வந்து கையெல்லாம் கிரீஸு பண்ணிக்கினான். தங்கமான மனுசன்" என்றாள். நேற்றுவரை அவள் அவரைத் தங்கம் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

அப்போதுதான் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பேச்சு சட்டென்று அடங்கியது. இறங்கியவர் பரசுராமன், பொன்னியின் அண்ணன். அடி அண்ணாமலையில் நிலமும் வீடுமாக இருக்கிறவர். அவர் வீட்டிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனாலும் அவர் வந்து சேரப் பத்தொன்பது வருஷமாகியிருந்தது. பெண் கேட்டு வந்தபோது கொடுக்க மாட்டேன் என்று தான் திருப்பியனுப்பிய சக்திவேலோடு, தங்கை தானாக நடந்து வந்துவிட்டதை அவர் மன்னிக்கவில்லை. கவிநிலா வயசுக்கு வந்தபோது தாய்மாமன் சீருக்கு ஒரு மணை போட்டு வைத்துவிட்டு, கடைசி நேரத்திலாவது வருவார் என்று இருட்டும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள் பொன்னி. மணை காலியாகவே கிடந்தது.

இன்று வந்துவிட்டார். ஒரு கையில் மாலை. இன்னொரு கையில் துணிக்கடைப் பை. பைக்குள் என்ன இருக்கும் என்று அங்கிருந்த பெண்கள் எல்லாருக்கும் தெரியும். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீடு கொண்டுவந்து போர்த்துகிற கோடிச் சேலை.

"அண்ணா!" என்று பொன்னி போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. எழுந்தவள் நிற்க முடியாமல் சரிந்தாள். அவர் தாங்கிப் பிடித்தார்.

"வந்துட்டியாண்ணா? வந்துட்டியா?"

"வந்துட்டண்டி. நான் இருக்கேன்."

அம்மா அவர் மார்பில் முட்டி முட்டி அழுதாள். அந்த அழுகையில் அப்பாவுக்காக எவ்வளவு, அண்ணனுக்காக எவ்வளவு என்று கவிநிலாவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"நீ இனிமே இங்க எதுக்கு?" என்றார் பரசுராமன், கண்ணைத் துடைத்தபடி. "எல்லாம் முடிஞ்சதும் புள்ளையக் கூட்டினு நம்ம வீட்டுக்கு வந்துடு. அவன் இருக்கற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்கறதில்லனு இருந்தேன். இப்ப எனக்கு என்ன தடை?"

அவர் பின்னால் வந்த பெண் கவிநிலாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கீர்த்தனா, பரசுராமனின் மகள். டவுன் காலேஜில் படிக்கிறாள். வீட்டுக்குத் தெரியாமல் இரண்டு பேரும் ஒரு வருஷமாக போனில் எழுதிக்கொள்கிறவர்கள்.

"காலேஜ்ல இருந்து எத்தன மெசேஜ் போட்டேன், ஒண்ணுகூட போகலையே" என்றாள் கீர்த்தனா. "உன் ஸ்டேட்டஸப் பாத்ததும் எனக்குக் கையே ஓடல. நான்தான் அப்பாகிட்ட சொன்னேன். திட்டுவாருனு பாத்தா, சட்டைய மாட்டிக்கினு கிளம்பிட்டாரு."

கவிநிலா தலையைத் தூக்கினாள்.

"என் ஸ்டேட்டஸா?"

"ஆமா. மாமா போட்டோ, பேரு, தேதி..."

உச்சந்தலையில் யாரோ குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தது போல இருந்தது. அருணகிரி அப்போதுதான் ஸ்டாண்டு ஆட்களோடு மாலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கவிநிலா எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். எச்சிலை விழுங்கிக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, அப்பா செத்துட்டாருனு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"என்ன கேள்வி கண்ணு இது? உன் போன்லதான் வந்துச்சு. அவன் நம்பரும் ஆஃப்பு. நான்தான் ஜோதிம்மாவுக்குச் சொல்லி அம்மாகிட்ட சொல்லச் சொன்னேன்."

லாரி இல்லை. பஸ் இல்லை. தண்டராம்பட்டு இல்லை. ஒரு படம். இவள் வெட்கப்பட்டு அழித்த ஒரு வரி.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. ஆனால் அறை முழுக்க ஜனம். அம்மாவோ கண்ணை மூடி அண்ணன் தோளில் கிடக்கிறாள். மாமாவின் கை அவள் தலையைத் தடவிக்கொண்டிருக்கிறது. வாயைத் திறந்தால் அந்தக் கை எடுபட்டுவிடும் என்று கவிநிலாவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

"பூவ எடுத்துடுங்கடி, தொங்குது" என்று யாரோ சொன்னார்கள். ஒரு கை அம்மாவின் கொண்டைப் பக்கம் நீண்டது.

"தொடாதீங்க!"

அந்தச் சத்தம் தன் வாயிலிருந்துதான் வந்தது என்று அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. "எங்கம்மா பூவத் தொடாதீங்க! எங்கப்பா சாவல!"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஐயோ, கொழந்தைக்குப் புத்தி கலங்கிடுச்சே" என்றாள் ஜோதியம்மாள். "தண்ணி குடுங்க. மூஞ்சில தெளிங்க."

"இல்ல! நான்தான் போட்டேன். பிறந்தநாளுக்கு. பழைய கேமரா மாதிரி படம் வர்ற ஆப்பு அது. எல்லாத்தையும் அப்படித்தான் காட்டும். மாட்டக்கூட அப்படித்தான் காட்டும்!"

அருணகிரி மாலையை ஒருவன் கழுத்தில் தொங்கவிட்டுவிட்டு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"பொறந்தநாளா?" என்றார் வாய் பிளந்து. "ஏம்மா, பேரப் போட்டு, பொறந்த தேதியப் போட்டு, கறுப்பு வெள்ளையில போட்டா எவனுக்கும்மா பொறந்தநாளுனு தெரியும்? ஓரமா ஒரு கேக்கு வெச்சிருக்கக் கூடாதா?"

யாரும் சிரிக்கவில்லை. நம்பவா வேண்டாமா என்று ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பொன்னி அண்ணனின் சட்டையைப் பிடித்தபடியே மகளை வெறித்துப் பார்த்தாள்.

அந்த நிமிஷத்தில் வந்துவிடவில்லை சக்திவேல். வெகு நேரம் போயிற்று. நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்தார்கள். கழி கொண்டுவந்தவன், "பந்தல் போடறதா வேணாமா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டான். ஸ்டாண்டு ஆள் ஒருவன் சாத்தனூரில் தெரிந்த டீக்கடைக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ஆட்டோ சத்தம் கேட்டது.

அரைக் கிலோ ஜாங்கிரிப் பொட்டலத்தோடு இறங்கினார் சக்திவேல். அணையில் எவனோ தேதி கேட்டதில் இன்றைக்குத் தன் பிறந்தநாள் என்று நினைவு வந்து, மகள் காலையில் படம் எடுத்ததன் காரணமும் புரிந்திருந்தது. நாற்காலிகளையும் மாலையையும் பார்த்துத் தயங்கினார்.

"யாரு? ஜோதிம்மா போயிட்டாங்களா?"

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நீதான்டா செத்துட்ட!" என்று கத்தினாள் ஜோதியம்மாள்.

பொன்னி பாய்ந்து வந்தாள். கைக்கு வந்த இடத்தில் எல்லாம் அவரை அடித்தாள். தோளில், மார்பில், கன்னத்தில். "போன ஏன்யா அணைச்ச? ஏன்யா அணைச்ச?"

"சார்ஜ் இல்லடி... அடிக்காத... என்னடி ஆச்சு?"

ஆளாளுக்குச் சொன்னார்கள். சொல்லச் சொல்லச் சிரிப்பு கிளம்பியது. அழுத முகத்தோடு சிரித்தார்கள். ஒருவன் சக்திவேலைக் கிள்ளிப் பார்த்தான். கவிநிலா கதவோரமாக நின்று அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகுதான் மாமாவைப் பார்த்தாள். அத்தனை முகமும் திறந்து கிடந்த அந்த அறையில் அவர் முகம் ஒன்றுதான் மூடியிருந்தது.

சக்திவேலும் பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க மச்சான். உக்காருங்க." பரசுராமன் அசையவில்லை. சக்திவேலின் கண் தரையில் கிடந்த பையின் மேல் போனது. அதன் வாயிலிருந்து எட்டிப் பார்த்த சேலையின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. "நான் செத்தாதான் வருவீங்கனு தெரிஞ்சிருந்தா, எப்பவோ செத்திருப்பனே மச்சான்" என்றார். கேலியாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது கேலி இல்லை.

பொன்னி குனிந்து பையிலிருந்து சேலையை எடுத்தாள்.

"ஏய், வெச்சுடுடி! தொடாத! அது எதுக்கு எடுத்ததுனு தெரியாதா?" என்று பெண்கள் பதறினார்கள்.

"தெரியும்" என்றாள் பொன்னி. சேலையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "எங்கண்ணன் எனக்கு எடுத்துக் குடுத்தது. கல்யாணத்துக்குக் குடுக்கல, புள்ள பொறந்ததுக்குக் குடுக்கல. இதுதான் குடுத்திருக்கு. எனக்கு இருக்கட்டும்." அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். "தடை ஒண்ணும் இல்லனு சொன்னியே. உக்காருண்ணா. ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ."

பரசுராமன் தங்கையின் அருகில் வந்தார். அவள் கையிலிருந்த சேலையைப் பிடித்து மெல்ல இழுத்தார். அவள் விடவில்லை. மறுபடி இழுத்தார். மடிப்பு குலைந்து முந்தானை தரையில் விழுந்தது. பொன்னியின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவர் சேலையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடி மாட்டினார். கீர்த்தனா கவிநிலாவின் கையை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

"அண்ணா" என்றாள் பொன்னி.

அவர் பைக்கை உதைத்தார். மகள் ஏறிக்கொள்ளும்வரை நின்றார். பிறகு கிளம்பிப் போய்விட்டார்.