எனக்கு விளக்கப்பட்டது

சாயத் தொழிற்சாலை அலுவலகத்தில் அவரை எல்லோரும் ‘அகராதி’ என்றுதான் கூப்பிட்டார்கள். தலைமையகத்திலிருந்து ஆங்கிலத்தில் வரும் தாள்களைத் தமிழாக்கி, தொழிலாளர்களுக்குச் சொல்லி, கையெழுத்து வாங்குவது அவர் வேலை. சொற்களின் பூர்வீகத்தைக் கிளறுவது அவருடைய பைத்தியம். தேநீர் நேரத்தில் யாராவது சிக்கினால் விடமாட்டார். ‘எக்ஸ்ப்ளெயின்’ என்றால் ஆதியில் மேடுபள்ளத்தைத் தட்டிச் சமமாக்குவதாம். ‘இன்ஸ்ட்ரக்ட்’ என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டுவதாம். ‘டீச்’ என்பதற்குப் பழைய பொருள் காட்டுவது, அவ்வளவுதான். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு நழுவிவிடுவார்கள்.

பம்ப் மெக்கானிக் மட்டும் நின்று கேட்பான். “அப்ப, காட்டிக் குடுக்கறவன் எல்லாம் வாத்தியாராண்ணே?” என்று ஒருமுறை அகராதியிடமே கேட்டான்.

ஒரு சனிக்கிழமை புதிய பாதுகாப்புத் தாள் வந்தது. கழிவுத் தொட்டிக்குள் இறங்குமுன் செய்ய வேண்டியவை, நான்கு பக்கம். மதியத்துக்குள் பதினெட்டுப் பேர் கையெழுத்தும் மேசைக்கு வந்தாக வேண்டும் என்றார் மேனேஜர். ஷிஃப்ட் மாறுகிற இரைச்சலில் அகராதி படபடவென்று வாசித்து முடித்தார். கடைசி வரி, ‘மேற்கண்டவை அனைத்தும் எனக்கு விளக்கப்பட்டன’. ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

மெக்கானிக் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “உள்ள விஷவாயு இருக்கான்னு பாக்கற மீட்டர்னு வாசிச்சீங்களே, அதை எப்படிப் பிடிக்கறதுன்னு ஒருதரம் காட்டச் சொல்லுங்கண்ணே.”

மீட்டர் மேனேஜரின் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். திங்கட்கிழமை காட்டச் சொல்கிறேன், இப்போது போட்டுவிடு என்றார் அகராதி. அவனும் போட்டான். திங்கட்கிழமை வேறு தாள்கள் வந்தன. அவருக்கு மறந்தே போயிற்று.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தொட்டியின் பம்ப் அடைத்துக்கொண்டது. மெக்கானிக் இறங்கினான். நாலாவது படியில் விஷவாயு தாக்கி, கை நழுவி விழுந்தவன் எழவில்லை. வெளியே எடுத்துத் தரையில் கிடத்தியபோது அகராதி ஓடிவந்து பார்த்தார். மூச்சு நின்றிருந்தது.

விசாரணைக்கு முந்தினநாள் மேனேஜர் அகராதியின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். “விளக்கினேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். மத்ததை கம்பெனி பாத்துக்கும்.”

விசாரணை அதிகாரி அந்தத் தாளை நீட்டி, இதை நீங்கள் விளக்கினீர்களா என்று கேட்டார். மெக்கானிக்கின் கோணல்மாணலான கையெழுத்தையே அகராதி பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாசிச்சேன் சார். விளக்கல. மீட்டரைக் காட்டச் சொல்லிக் கேட்டார். யாரும் காட்டல.”

அறிக்கை இரண்டு மாதத்தில் வந்தது. விளக்க வேண்டிய ஊழியர் கடமையில் தவறினார் என்று அதில் எழுதியிருந்தது. பூட்டிய அலமாரியைப் பற்றி ஒரு வரி இல்லை. மேனேஜருக்கு இடமாற்றம். அகராதிக்கு வேலை போயிற்று, வழக்கும் வந்தது.

‘போக வேண்டாம்’ என்று வக்கீல் தடுத்தும் கேளாமல் அவர் மெக்கானிக்கின் வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி, இரண்டே அறை. மெக்கானிக்கின் மனைவி கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

“அவரோட கவனக்குறைவுதான்னு எல்லாரும் சொல்றாங்க. நெஜமா?”

“இல்லம்மா. பதினெட்டுப் பேர்ல அவர் ஒருத்தர்தான் கேட்டார். நான்தான் அப்புறம் பாத்துக்கலாம்னு கையெழுத்து வாங்கினேன்.”

அவள் உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். பத்து வயதிருக்கும், பள்ளிச் சீருடையோடு வந்து நின்றது.

“அப்பா மேல தப்பில்லன்னு இவகிட்டயும் சொல்லுங்க. ஸ்கூல்ல கேக்கறாங்களாம்.”

அவர் சொன்னார். குழந்தைக்குப் புரிகிற மாதிரி, தொட்டி என்ன, வாயு என்ன, மீட்டர் என்ன, அப்பா என்ன கேட்டார், தான் என்ன செய்தேன் என்று நிதானமாக, ஒன்றையும் விடாமல் சொன்னார். அது கண்கொட்டாமல் கேட்டது.

முடித்ததும் அவள் மகளை உள்ளே அனுப்பினாள். “இனிமே இங்க வராதீங்க” என்றாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அகராதி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.